வெள்ளிக்குள், பி நெகட்டிவ்

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் சபையில் ஜெபம் என்பது எழுந்து போகாமல் இருப்பதற்கு ஒரு வழி. கோபத்தில் எழுதவில்லை. மூன்று வருடம் மைக் முன்னால் நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. ஜெபத் தேவை உள்ளவர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். பிரசங்கம் முடிந்ததும் நான் அவற்றைப் படிக்க வேண்டும். டெபோராவுக்கு உச்சரிப்பு சுத்தம் என்று அப்பா கமிட்டியில் சொல்லி வாங்கிக் கொடுத்த ஊழியம். அப்பாதான் சபைச் செயலாளர் என்பதால் விதிகளும் அவருடையவை. பெயர் படிக்கக் கூடாது. நோயின் பெயர் கூடாது. ஒரு சீட்டுக்கு ஒரு வரி. "விவரமெல்லாம் எதுக்கும்மா, கர்த்தருக்குத் தெரியாததா?"

அதனால் இரண்டாம் பாட்டு பாடும்போது உட்கார்ந்து வெட்டுவேன். 'மாமியார் சோறு போட மாட்டேங்கறாங்க' என்பது 'குடும்ப சமாதானத்திற்காக' ஆகும். 'எட்டு மாசமா வேலை இல்ல, ஆபீஸ் அட்ரஸ் யாராவது குடுங்க' என்பது 'ஒரு வாலிபனின் எதிர்காலத்திற்காக' ஆகும். எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அந்த வாலிபனுக்கு யாரும் அட்ரஸ் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்று போதகர் ஆபேல் ஐயா பிரசங்கம். வசனத்தைக் கேட்டுவிட்டுப் போனால் போதுமா, செய்ய வேண்டாமா என்பது தலைப்பு. நாற்பத்திரண்டு நிமிடம். நன்றாகத்தான் பேசினார். சேலையூர் ஆன்ட்டி நோட்டில் குறிப்பெடுத்தார். அப்பா கண்ணை மூடித் தலையாட்டினார்.

பிறகு என் சீட்டுகள். பதினொன்று. கடைசியை 'இரத்தம் தேவைப்படும் ஒரு சகோதரிக்காக' என்று படித்தேன். ஆபேல் ஐயா கையை உயர்த்தினார். "இயேசுவின் இரத்தம்" என்றார். "ஜெயம்" என்றது சபை. மூன்று தடவை. மூன்றாவது தடவை மேலே சிலுவைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புறா பறந்து போனது. இரத்தம் என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஆட்களுக்கு வாய் தானாகத் திறக்கும். எனக்கும்தான். நானும் ஜெயம் சொன்னேன்.

வெளியே வந்தபோது செருப்பு வைக்கிற இடத்தில் ஜீவரத்தினம் அக்கா நின்றிருந்தார். சர்ச்சைக் கூட்டி, பாய் விரித்து, மணி அடிக்கிறவர். கையில் போனைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் முகத்தையெல்லாம் பார்த்தார். பூட்டுவதற்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"என்னக்கா?"

"ஒன்னியும் இல்ல பாப்பா."

வீட்டில் பிரியாணி.

ஜூலை 14, திங்கள்

நாவலூர் ஆபீஸ் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம். எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 15, செவ்வாய்

எழுத்து எனக்கே புரியாது போல.

ஆபீஸிலிருந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அம்மா வெங்காயம் உரித்தபடி சொன்னார், வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில்: "நாளைக்குப் பெண்கள் கூட்டம், சர்ச்சைக் கூட்ட ஆள் இல்ல. ஜீவரத்தினம் பொண்ண ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். பாவம், ரத்தம் வேணும்னு சீட்டுகூட எழுதிப் போட்டுச்சாம். யாரும் வரலையாம்."

"எந்தச் சீட்டு?"

"நீதானடி படிச்ச?"

பையைக் கொட்டினேன். போன வாரச் சீட்டுகள் எப்போதும் என் பைபிள் உறைக்குள்தான் கிடக்கும், வெள்ளிக்கிழமை ஜெபக்குழுவுக்குக் கொடுக்கும்வரை. பதினொன்றாவது சீட்டு ஒரு மாத்திரை அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் உள்பக்கத்தில் எழுதியது. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

'என் பொண்ணு எழிலுக்கு எட்டு மாசம். நஞ்சுக்கொடி கீழ இறங்கி கீது. வெள்ளிக்கிழம ஆப்ரேசன். பி நெகட்டிவ் ரத்தம் மூணு பேர் வெள்ளிக்குள்ள குடுக்கணும். சர்ச்சுல யாராவது இருந்தா வாங்க. செருப்பு வுடற எடத்துல நிக்கறேன். போன் —'

பத்து எண்கள். அந்த எண்கள் மேல் பச்சை மையில் ஒரு கோடு. 'பி நெகட்டிவ்' மேல் ஒரு கோடு. 'செருப்பு வுடற எடத்துல' மேலும்.

பச்சை மை பேனா சபையில் என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு வெட்டிய ஞாபகமே இல்லை. அதுதான் — அதுதான் தாங்க முடியவில்லை. படித்திருக்கிறேன். கண்ணால் பார்க்காமல் கோடு போட முடியாதே. 'ரத்தம்' என்பதை 'இரத்தம்' என்று திருத்தக்கூட எனக்கு நேரம் இருந்திருக்கிறது.

ஞாயிறு இரவு முதல் பாராவில் என்னத்த எழுதி வெச்சிருக்கேன். 'எங்கள் சபையில்'. யாருடீ சபை?

போன் போட்டேன். அக்கா எடுக்கவில்லை. மூன்று தடவை.

ஜூலை 16, புதன்

லீவு போட்டேன்.

காலையிலேயே சபைக் குடும்பப் புத்தகத்தை எடுத்து உட்கார்ந்தேன். போன வருடம் அப்பா அச்சடித்தது. பெயர், பிறந்த நாள், திருமண நாள், போன், கடைசிக் கட்டத்தில் இரத்த வகை. முந்நூற்று நாற்பது பேரில் பி நெகட்டிவ் ஏழு பேர். ஏழு என்றதும் ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். மூன்று போதுமே.

பெருங்களத்தூர் அங்கிள், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

"ஞாயித்துக்கிழமையே ஜெபத்துல வெச்சிட்டேம்மா."

"ஜெபம் இல்ல அங்கிள். ரத்தம் வேணும். உங்க ரத்தம்."

"அதுவும் ஜெபத்துலதாம்மா வரணும்."

இரண்டாவது ஆள் துபாய் போய் ஒரு வருடம் ஆகிறது.

சேலையூர் ஆன்ட்டி, நோட்டில் குறிப்பெடுத்தவர். சிரித்தார். "ஐயோ, எனக்கு என்ன வகைன்னே தெரியாது கண்ணு. பார்ம்ல ஒரு கட்டம் இருந்துச்சு. காலியா விட்டா உங்கப்பா திருப்பி அனுப்புவாரு. அதான் போட்டேன்."

"பி நெகட்டிவ்னு ஏன் போட்டீங்க?"

"பக்கத்துல உக்காந்து எழுதினவங்க அதத்தான் போட்டாங்க."

பக்கத்தில் உட்கார்ந்தவருக்குப் போன் செய்தேன். பட்டியலில் நான்காவது அவர்தான். அவர் தன் தங்கை வகையைப் போட்டாராம். "அக்கா தங்கச்சிக்கு ஒண்ணாத்தானே இருக்கும்?" தங்கை இருப்பது ஒசூரில். அவருக்கும் அது சரியாகத் தெரியாது.

போனைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை மூடினேன். பளபள அட்டை போட்ட புத்தகம். பிஷப் வந்து வெளியிட்டார். உயிர் போகிற அவசரத்துக்கு யாராவது இதைத் திறப்பார்கள் என்று எழுதினவர்களில் ஒருத்தருக்கும் தோணலையா? பிறந்த நாள் மட்டும் யாரும் தப்பாப் போடல. வாழ்த்து வருமே.

ஐந்தாவது, என் வயதுப் பையன். அவன் அம்மா எடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அவங்களுக்குச் சொந்த ஊர் எதும்மா?" என்றார். எங்கள் சபையில் அந்தக் கேள்விக்கு ஊர்ப் பெயர் பதில் இல்லை. அதைக் கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். "தாம்பரம்தான் ஆன்ட்டி" என்றேன். "அதுக்கு முன்னாடி?" என்றார். வைத்துவிட்டேன். பையனுக்கு மெசேஜ் அனுப்பியிருக்கிறேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை.

ஆறாவது, கல்லூரி கடைசி வருடப் பெண். நிஜமாகவே பி நெகட்டிவ். உடனே வருகிறேன் என்றாள். எடை நாற்பத்தொன்று. நாற்பத்தைந்துக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள். "வாழப்பழம் நிறைய சாப்ட்டா ஏறுமாக்கா, ரெண்டு நாள்ல?" என்று கேட்டாள். அவளைக் கும்பிடத் தோன்றியது.

ஏழாவது: து. வில்பிரட்.

என் அப்பா. பென்ஷன் விஷயமாக வெளியே போயிருந்தார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றும்போதே கேட்டேன். உட்கார்ந்தார். பதற்றப்படவில்லை. அப்பா எதற்கும் பதற்றப்பட மாட்டார்.

"எனக்கு பி.பி. மாத்திரை ஓடுதும்மா."

"கன்ட்ரோல்ல இருந்தா குடுக்கலாம். பாத்துட்டேன்."

"கவர்மெண்ட் ஆஸ்பத்திரி. அவங்ககிட்ட இருக்கும்."

"ரத்த வங்கியில போன் பண்ணிக் கேட்டேன். இப்ப ஒரு பாட்டில் இருக்காம். மொத்தம் மூணு வேணுமாம்."

"இன்னிக்கு நான் போனா நாளைக்கு இன்னொருத்தர் வருவாங்க. போகலைன்னா ஆள் பாத்துச் செய்றார்னு பேரு வரும். எதையும் ஒரு முறையா கமிட்டியில வெச்சு — ரத்த தான முகாம் மாதிரி ஒண்ணு, அறுப்பின் பண்டிகைக்கு —"

"அப்பா, அது அக்டோபர்."

"நான் முழங்கால்ல நிக்கிறேன் டெபி. அது சும்மா இல்ல."

சும்மா இல்லைதான். இரவு அவர் அறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் ஓரம் முழங்காலில் இருந்தார். ஜீவரத்தினம் என்று பெயர் சொல்லி, எழில் என்று பெயர் சொல்லி. என்னைப் பெயர் படிக்கக் கூடாது என்றவர். அழுதார். நடிப்பு என்றால் நான் தூங்கியிருப்பேன்.

ஜூலை 17, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவ வார்டுக்கு வெளியே மரத்தடியில் ஜீவரத்தினம் அக்கா. காலுக்குக் கீழே பிளாஸ்க், ஒரு கட்டைப்பை.

"இன்னா பாப்பா, நீ இன்னாத்துக்கு வந்துகினு? ஆபீஸ் லீவா?"

என் மேல் ஒரு கோபம்கூட இல்லை. அதற்குத்தான் தயாராக வந்திருந்தேன்.

"அன்னிக்கு எவ்ளோ சத்தமா ஜெபம் பண்ணாங்கோ. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இவ்ளோ பேரு சொல்றாங்களே, பத்து பேராச்சும் வருவாங்கோன்னு செருப்பாண்ட நின்னுகினே இருந்தேன். ஒருத்தரு வந்தாரு. வந்து, 'கொஞ்சம் நகரும்மா, என் செருப்பு உன் காலாண்ட கீது'ன்னாரு."

அக்கா சிரித்தார். நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், நம்பரை வெட்டியது நான்தான் என்று. வாய் வரைக்கும் வந்தது. வரவில்லை.

மருமகன் தசரதன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். பம்மலில் தோல் பட்டறையில் வேலை. விரல் இடுக்கெல்லாம் சாயம். கோயிலுக்குப் போகிற ஆள். எழில் சர்ச்சுக்கு, அவர் கோயிலுக்கு, ஐந்து வருடமாகச் சண்டையில்லாமல் ஓடுகிற குடும்பம். என்னை யார் என்று கேட்டார். சர்ச்சிலிருந்து என்றேன்.

"எத்தினி பேர் வந்துகிறீங்க?"

"நான் மட்டும்."

"உங்க ஆளுங்க ரத்தம் ரத்தம்னு ஸ்பீக்கர் கட்டிப் பாடுறீங்களே. ஒரு பாட்டில் தேறாதா?"

"டேய், சும்மா கெட" என்றார் அக்கா.

"இல்ல அத்தே, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

அவருடைய பட்டறையிலிருந்து ஆறு பேர் வந்து கொடுத்திருக்கிறார்கள். ஆறு பேரும் வேறு வகை. இரத்த வங்கி இருப்புக்கு மாற்றாக எடுத்துக்கொள்வார்கள், எழிலுக்கு ஏற்ற முடியாது. பி நெகட்டிவ் கிடைத்தது ஒரே ஆளிடம். கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் மோகன்ராஜ். யார் என்றே தெரியாது, யாரோ யாரிடமோ சொல்லி, வந்து, படுத்து, கொடுத்துவிட்டு, சவாரி இருக்கிறது என்று போய்விட்டாராம். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் எழிலின் ஊரைக் கேட்கவில்லை.

நானும் மாற்று ரத்தமாவது கொடுக்கலாம் என்று வரிசையில் நின்றேன். விரலைக் குத்திப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் பத்து புள்ளி ஒன்பது. பன்னிரண்டரை வேண்டும். "நீங்களே ரத்தசோகைல இருக்கீங்க. இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தரேன், சாப்பிடுங்க" என்று அந்த சிஸ்டர் அன்பாகத்தான் சொன்னார். இவ்வளவு பேசுகிற என்னிடம் கொடுக்க ஒரு பாட்டில் இல்லை.

எழிலை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒரே ஞாயிறு பள்ளிதான் இரண்டு பேருக்கும். அவள் பாயில் உட்காருவாள், நான் பெஞ்சில். சாத்துக்குடி உரித்துக்கொண்டே கையசைத்தாள். 'அம்மா சொன்னாங்க' என்று வாயசைத்தாள். என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "ஒரு பாட்டில் ஆஸ்பத்திரியோடது, ஒண்ணு ஆட்டோக்காரர் குடுத்தது. மூணாவது நீங்கதான்பா" என்றேன். "பாக்கறேம்மா" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

எழில் செத்துட்டா.

எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். எட்டே முக்காலுக்குக் குழந்தை, பெண். ஒன்பது இருபதுக்கு சிஸ்டர் ஓடி வந்தார், ஓடிப் போனார். பத்து ஐந்துக்கு டாக்டரம்மா வந்து தசரதனின் தோளில் கை வைத்தார்.

அப்பா பத்தேகாலுக்கு வந்தார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. இடது கை மடித்துவிட்டபடி. படியேறி வரும்போதே, "எங்கம்மா குடுக்கணும்?" என்றார்.

அக்காவின் சத்தம் கேட்டிருக்க வேண்டும் அவருக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு தானே விசாரித்துக்கொண்டு கீழே போய், வரிசையில் நின்று கொடுத்தார். எதற்காகக் கொடுத்தார் என்று கேட்கவில்லை. இன்னொரு வார்டுக்குப் போனதாம், யாரோ ஒருவருக்கு. நல்லதுதான். அதை நல்லது என்று எழுதவே எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

டாக்டரம்மாவிடம் கேட்டேன், தனியாக. இன்னும் ஒரு பாட்டில் இருந்திருந்தால்?

"இருந்ததெல்லாம் ஏத்திட்டோம். தேடவும் சொன்னோம், வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு பாட்டில்ல பிழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது." சற்று நின்று, "பிழைச்சிருக்க மாட்டாங்கன்னும் சொல்ல முடியாது. நீங்க யாரு?"

சீட்டை வெட்டினவ. அப்படிச் சொல்லவில்லை. தெரிந்தவர் என்றேன்.

ஜூலை 19, சனி

சாவுக்கு நாற்பத்தாறு பேர் வந்தார்கள். எண்ணினேன். எங்கள் சபையிலிருந்து மட்டும்.

அந்தச் சந்தில் கார் நுழையாது என்று ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். பெருங்களத்தூர் அங்கிள் ரோஜா மாலை. சேலையூர் ஆன்ட்டி வெள்ளைப் புடவை. சொந்த ஊர் கேட்டவர் ஜீவரத்தினம் அக்காவைக் கட்டிப்பிடித்து அழுதார், மூக்கைத் துடைத்துக்கொண்டு. அந்தப் பையனும் வந்திருந்தான். "சாரி டெபி, நெட் இல்ல" என்றான். பாடல் குழு நான்கு குரலில் பாடியது. அவ்வளவு அழகாகப் பாடினார்கள். தெருவில் எல்லோரும் வந்து நின்று கேட்டார்கள்.

ஒரு ஆளுக்கும் வெட்கம் இல்ல. இல்ல, அதுகூட இல்ல, அவங்க நிஜமா அழுதாங்க. அதான் பயமா இருக்கு. துக்கத்துக்கு வரத் தெரியுது. லீவு கிடைக்குது. வழி தெரியுது. பி.பி. ஏறல.

தசரதன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம், "இவ்ளோ பேர் இருந்துகிறீங்களா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு அக்காவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். குழந்தை இன்னும் ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. சொன்னேன். நம்பரை வெட்டினது நான்தான். எல்லாவற்றையும் சொன்னேன், பச்சை மை வரை.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தட்டில் மீந்திருந்த சோற்றைக் கையால் ஒதுக்கிக்கொண்டே இருந்தார்.

"தெரியும் பாப்பா. நான் எழுதுனது எனக்குத் தெரியாதா? நீ படிச்சப்பவே எழுந்து நின்னேன், நம்பரு சொல்லுவ, கை காட்டலாம்னு. நீ சொல்லல."

"அன்னிக்கே என்னக் கேட்டிருக்கலாம்ல அக்கா?"

"உன்னாண்ட இன்னான்னு கேக்கறது? நீ சர்ச்சுல படிக்கற பொண்ணு. எதுனா காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு: "இன்னொரு சீட்டு எழுதித் தரேன். வெட்டாம படிப்பியா?"

படிப்பேன் என்றேன்.

ஜூலை 20, ஞாயிறு

அக்கா வரவில்லை. பாய் விரிக்கவும் ஆள் இல்லை. பாயில் உட்காருகிறவர்கள் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள்.

ஆபேல் ஐயா அறிவிப்பு நேரத்தில் எழிலுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்றார். அப்புறம், "இந்தத் துக்கத்திலும் ஒரு சாட்சி உண்டு" என்று ஆரம்பித்தார். போன வாரம் கேட்ட வசனத்தைச் செயலில் காட்டிய ஒருவர் நம் நடுவில் இருக்கிறார், நம் செயலாளர் தம்முடைய சொந்த இரத்தத்தையே கொடுத்தார் என்றார். யார் சொன்னார்கள் இவருக்கு? அம்மாவாகத்தான் இருக்கும்.

கை தட்டினார்கள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது அசையவில்லை.

இன்று நான் சீட்டே படிக்கவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் அப்பா சாப்பிடவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"புதன்கிழமையே போயிருக்கணும்மா" என்றார்.

"இதச் சபையில சொல்லியிருக்கலாம்ல? கை தட்டினப்ப எந்திரிச்சு, நான் லேட்டாப் போனேன்னு?"

நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் புத்தி பிசகிவிட்டது போல.

"சபையில எப்படிம்மா அதெல்லாம்."

ஜூலை 23, புதன்

குழந்தை ஒன்றரைக் கிலோ. பால் இழுக்கிறது.

ஜூலை 26, சனி

அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார் என்று அம்மா சொன்னார். "பாவம், மனசத் தேத்திக்கிட்டா." மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வாரம்தான் லீவு என்பது அம்மாவுக்குத் தெரியாதா?

அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். நாளைக்குச் சீட்டுகளை எழுதியிருக்கிறபடியே படிப்பேன். பெயரோடு, நோயோடு, நம்பரோடு.

"விதி இருக்கேம்மா."

"நீங்க போட்டது. நீங்களே எடுங்க."

"கமிட்டியில —"

எழுந்து வந்துவிட்டேன். தடுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஒன்பது சீட்டுகள். பச்சைப் பேனாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

முதல் எட்டையும் முழுதாகப் படித்தேன். ஒருவர் மூலத்துக்கு ஆபரேஷன் என்று எழுதியிருந்தார். அதையும். இரண்டு வாலிபர்கள் சிரித்தார்கள். ஒரு பெண் தன் மகன் குடிப்பதை எழுதியிருந்தார், எந்தக் கடையில் என்பது உட்பட. சபையில் ஆட்கள் நெளியத் தொடங்கிவிட்டார்கள். ஆபேல் ஐயா என்னைப் பார்த்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

ஒன்பதாவது அக்காவுடையது. நான்காக மடித்திருந்தது.

'நான் ஜீவரத்தினம். சர்ச்சு கூட்டறவ. என் பொண்ணு எழில் வெள்ளிக்கிழம செத்துப்பூட்டா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழம அவளுக்காக சத்தமா ஜெபம் பண்ணவங்க அல்லாரும் ஒரு நிமிசம் எழுந்து நில்லுங்க. யார் யாருன்னு முகத்தப் பாத்துக்கறேன். வேற ஒன்னியும் வாணாம்.'

படித்துவிட்டு நின்றேன்.

யாரும் எழவில்லை. மின்விசிறிச் சத்தம். யாரோ பைபிள் உறையின் ஜிப்பைத் திறந்து, மூடி, திறந்தார்கள். சேலையூர் ஆன்ட்டி தன் நோட்டைப் பார்த்தார். நானும் ஜெயம் சொன்னவள்தான், நின்றுகொண்டுதான் இருந்தேன். மைக் முன்னால் நிற்பது கணக்கில் வராது. மைக்கை விட்டு இறங்கி, முன் வரிசைக்கும் பாய்களுக்கும் நடுவில் போய் நின்றேன். அங்கிருந்து இன்னொரு தடவை படித்தேன், கடைசி மூன்று வரியை மட்டும்.

மூன்றாவது வரிசையில் அப்பா. முன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

அக்கா கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், பாயில் உட்கார்ந்து ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபேல் ஐயா எழுந்தார். ஒரு வினாடி, வருகிறார் என்று நினைத்தேன். மைக்கைப் பிடித்தார். "காணிக்கைப் பாட்டு, நூற்றுப் பன்னிரண்டு" என்றார்.

மொத்தச் சபையும் எழுந்து நின்றது.

பின்னாலிருந்து அக்காவின் குரல். சத்தமாக இல்லை, சர்ச்சில் அவர் பேசியே நான் கேட்டதில்லை:

"பாட்டுக்கு வாணாம். உக்காருங்கோ. உக்காந்துட்டு, நான் கேட்டதுக்கு எந்திரிங்கோ."

கீபோர்டு அதற்குள் ஆரம்பித்திருந்தது.